வீட்டுப் பட்டறையும் மின்சார சக்தியும்

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியிலுள்ள ஆலத்தியூர், சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமியில் அமைந்த ஊர். 1997ஆம் ஆண்டில் அங்கே சிமென்ட் ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்து, தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து வந்த குடும்பங்களில் இரும்பு வேலை அறிந்த கைகளும் தோன்றியுள்ளன. ஆலையிலும் கல் சுரங்கத்திலும் லாரிப் பட்டறைகளிலும் தொழில் கற்ற வாலிபர்களிற் சிலர், சொந்த வீட்டின் முற்றத்திலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு, டிராக்டர் டிரெய்லருக்குப் பற்றவைத்தல், கலப்பைக் கொழுவைச் செப்பனிடுதல், ஜன்னல் கிரில் செய்தல் முதலிய வேலைகளை மேற்கொள்கின்றனர். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் மரச் சிற்பத் தொழில் வீடுகளிலேயே செழித்து வளர்ந்து, 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது யாவரும் அறிந்ததே. வேலை தேடி வெளியூர் செல்லும் இளைஞரைச் சொந்த ஊரில் நிறுத்திவைக்கும் வல்லமை இத்தகைய வீட்டுப் பட்டறைகளுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால், வீட்டுப் பட்டறை ஒரே நாளில் தோன்றுவதன்று. முதலில் கையால் பிடித்துத் துளையிடும் சிறு இயந்திரம் ஒன்று வரும். அடுத்த அறுவடைக்கு முன் கிரைண்டிங் மெஷின் வரும். இரண்டு வருஷம் கழித்து இரும்பு அறுக்கும் வட்டக் கத்தி வரும். பிறகு வெல்டிங் செட். அதன் பின் காற்றடிக்கும் கம்பிரசர். இவை ஒவ்வொன்றும் வீட்டிலுள்ள ஏதோ ஒரு பிளக்கிலேயே மாட்டப்படுகின்றன. பட்டறை ஐந்து மடங்கு வளர்ந்துவிடுகிறது. மின்கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் கம்பியும், மீட்டர் பெட்டியும், சுவருக்குள் ஓடும் ஒயரும் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் இருந்த காலத்தில் போட்டவையாகவே இருக்கின்றன. இயந்திரம் வாங்குவதற்குப் பணம் புரட்ட வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்திற்கும் அலைகிறவர்கள், அதற்கு மின்சாரம் எவ்வழியே வரும் என்ற கேள்வியை ஒருமுறையேனும் கேட்டுக்கொள்வதில்லை. ஒன்றியத்தில் சுற்றுப்பயணம் செய்யும்போது நாம் அடிக்கடி காணும் நிலை இதுவே.

மின்சக்தியைப் பெருக்குவது என்றால் சுவிட்ச் பலகையில் மேலும் ஒரு பிளக் பொருத்துவதன்று. கம்பத்திலிருந்து இயந்திரம் வரையுள்ள வழி முழுவதையும் பெருக்குவதாகும். விவசாயிகளுக்கு இதனை விளக்கிக் கூறத் தேவையில்லை. மதகையும் கிளை வாய்க்காலையும் அகலப்படுத்தாமல், வயலோரத்து மடையை மட்டும் இரண்டு மண்வெட்டி அகலமாக வெட்டிவிட்டால் நீர் பெருகி வந்துவிடுமா? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வாய்க்கால் கொள்ளாத நீர் கரையை உடைத்துக்கொண்டு நம் கண்ணெதிரே ஓடும். கம்பி கொள்ளாத மின்சாரமோ சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் வெப்பமாக மாறும்.

மின்பளுவைக் கணக்கிடுதல்

முதற் காரியம் கணக்குப் போடுவது. ஒவ்வோர் இயந்திரத்தின் மேலும் ஒரு சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் எத்தனை வாட், அல்லது எத்தனை குதிரைத் திறன், எத்தனை ஆம்பியர் என்பது குறிக்கப்பட்டிருக்கும். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். ஆயினும், அது மோட்டார் வெளியே கொடுக்கும் வேலையின் அளவே; அதற்காக மோட்டார் உள்ளே இழுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு கிலோவாட் ஆகும். வெல்டிங் செட்டின் மேல் '200' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது பற்றவைக்கும் குச்சியின் பக்கத்து ஆம்பியர். மீட்டர் பக்கத்து ஆம்பியர் அன்று. கைக்கு அடக்கமான இன்வெர்ட்டர் வகை வெல்டிங் செட்டில் 3.15 மில்லிமீட்டர் குச்சியை எரிக்கும்போது, வீட்டு இணைப்பிலிருந்து அது ஏறக்குறைய 20 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். பதினான்கு அங்குல வட்டக் கத்தி 10 ஆம்பியர் அளவிலும், சிறிய கிரைண்டிங் மெஷின் மூன்று நான்கு ஆம்பியரும், ஒரு குதிரைத் திறன் கம்பிரசர் ஆறு ஏழு ஆம்பியரும் எடுத்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஆள் வேலை செய்யும் பட்டறையில் வெல்டிங் குச்சியையும் வட்டக் கத்தியையும் ஒரே சமயத்தில் பிடிக்க முடியாது. ஆதலின், எவையெவை சேர்ந்து ஓடும் என்பதே கணக்கில் முக்கியம். இங்கேதான் பலருக்குக் கணக்குத் தவறுகிறது. கையால் இயக்கும் இயந்திரங்கள் நம் விருப்பப்படி ஓடுகின்றன. கம்பிரசரும், வீட்டிலுள்ள குளிர்ப்பெட்டியும் அப்படியல்ல. காற்றின் அழுத்தம் குறைந்ததும் கம்பிரசர் யாரையும் கேளாமல் தானே கிளம்பும். மோட்டார் கிளம்பும் கணத்தில், அது ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்சாரத்தை இழுப்பது வழக்கம். பற்றவைத்துக்கொண்டிருக்கையில் கம்பிரசரும் கிளம்பி, உள்ளே வீட்டார் மிக்ஸியையும் மோட்டார் பம்பையும் போட்டால், அந்தக் கணமே கம்பிக்குச் சோதனைக் காலம். உதவிக்கு இன்னொருவரைப் பட்டறையில் சேர்த்துக்கொள்ளும் அன்று இந்தக் கணக்கைத் திரும்பவும் போட வேண்டும். இரண்டு ஜோடிக் கைகள் வந்துவிட்டால் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடுமல்லவா?

கம்பியின் பருமனும் பியூசும்

அடுத்து, கம்பி. கடைகளில் ஒன்றரை எம்.எம்., இரண்டரை எம்.எம்., நான்கு எம்.எம். என்று கேட்டு வாங்குகிறோம். இவ்வெண்கள் கம்பியின் குறுக்குப் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் குறிப்பவை. குழாய்க்குள் செல்லும் செம்புக் கம்பியில், ஒன்றரை எம்.எம். கம்பி 14 ஆம்பியர் அளவையும், இரண்டரை எம்.எம். 20 ஆம்பியர் அளவையும், நான்கு எம்.எம். 26 ஆம்பியர் அளவையும், ஆறு எம்.எம். ஏறக்குறைய 35 ஆம்பியர் அளவையும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நமது மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் கம்பிக்கு இதனினும் குறைவாகவே கணக்கிடுவது புத்திசாலித்தனம்.

தூரமும் ஒரு விஷயம். மீட்டர் பெட்டி வீட்டு வாசலில் இருக்க, கொட்டகை தோட்டத்துக் கோடியில் 40 மீட்டருக்கு அப்பால் இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 80 மீட்டர். ஒன்றரை எம்.எம். செம்புக் கம்பியாயின் இந்த நீளத்திற்கு மின்தடை ஏறக்குறைய 0.93 ஓம். அதில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 18 வோல்ட்டுக்கு மேல் குறைந்துபோகும். மாலை வேளையில் ஊரில் 210 வோல்ட்தான் வருகிறதென்றால் இயந்திரத்தின் வாசலில் 191 வோல்ட் மட்டுமே இருக்கும். அது மட்டுமா? அந்தக் கம்பி நெடுகிலும் 370 வாட் வெப்பம் வெளிப்படும். ஒரு சிறிய சலவைப் பெட்டியைச் சுவருக்குள் புதைத்து வைத்ததற்கு ஒப்பாகும் இது. ஆறு எம்.எம். கம்பி போட்டிருந்தால் இழப்பு ஐந்து வோல்ட்டுக்குள் அடங்கும். வெப்பமும் நான்கில் ஒரு பங்கே. கம்பியின் பருமன் மாறாமல் ஓடும் ஆம்பியர் மட்டும் இரட்டித்தால் வெப்பம் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு உயரும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

வோல்ட் குறைந்தால் மோட்டாருக்கு நல்லதுதானே, மெதுவாக ஓடும் என்று சிலர் எண்ணுவதுண்டு. உண்மை நேர்மாறானது. வோல்ட் குறையும்போது பளுவைத் தள்ள மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கும். அதனால் மேலும் சூடேறிச் சுருள் கருகும். நமது பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைகளுக்கு வேலை ஓயாதிருப்பதற்கு இந்த மெல்லிய கம்பியும் ஒரு காரணம்.

இனி, பியூஸ். பியூசைப் பற்றி ஊரில் நிலவும் கருத்தைச் சற்று வலியுறுத்தியே மறுக்க வேண்டியுள்ளது. 'அடிக்கடி பியூஸ் போகிறது. தடித்த கம்பியாகப் போட்டுவிடு' என்பது ஊர்தோறும் கேட்கும் பேச்சு. பியூஸ் அங்கே இருப்பது இயந்திரத்தைக் காப்பதற்கன்று, கம்பியைக் காப்பதற்கு. கம்பி தாங்கும் அளவை மீறி மின்சாரம் ஓடினால் தான் முதலில் உருகி வழியை அடைத்துவிடுவதே அதன் கடமை. ஒயரிலிருந்து நான்கு இழைகளைப் பிய்த்து முறுக்கிப் பியூஸ் கேரியரில் கட்டிவிட்டால், பிறகு உருகுவது பியூஸ் அன்று, வீட்டு ஒயர். இக்காலத்தில் பியூசுக்குப் பதில் 'ட்ரிப்பர்' என வழங்கும் எம்.சி.பி. சாதனம் வந்துள்ளது. அதனால் பழைய வழக்கம் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. 16 ஆம்பியர் ட்ரிப்பர் அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி, இரண்டரை எம்.எம். கம்பியின் மேல் 32 ஆம்பியர் ட்ரிப்பரைப் பொருத்துகிறார்கள். சாதனம் புதிது, பிழை பழையது. கம்பியைப் பெரிதாக்கிய பின்னரே ட்ரிப்பரைப் பெரிதாக்கலாம். இந்த முறையை எக்காரணம் கொண்டும் மாற்றலாகாது.

எனவே, பட்டறைக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்தே தனிக் கம்பி, தனி மெயின் சுவிட்ச், தனி ட்ரிப்பர் என்று பிரித்துவிடுவது சிறந்தது. வீட்டுச் சமையலறைச் சுவரைத் துளைத்து ஒரு நீட்டிப்பு ஒயரை இழுத்து, அதன் முனையில் மேலும் ஒரு பலகை, அதன் முனையில் மேலும் ஒன்று என்று சங்கிலி கோத்துக்கொண்டு போவது பட்டறையாகாது. பழைய அலுமினியக் கம்பியோடு புதிய செம்புக் கம்பியைக் கையால் முறுக்கி மேலே டேப் சுற்றும் வழக்கத்தையும் விட வேண்டும். இருவேறு உலோகங்கள் சேரும் அந்த இடம் நாளடைவில் பூத்துத் தளர்ந்து சூடேறும். ஓலைக் கூரை வேய்ந்த கொட்டகையில் அத்தகைய முடிச்சு ஒன்று போதும்.

உயிரைக் காப்பது எது?

மேலே கூறிய பியூசும் ட்ரிப்பரும் வீட்டைத் தீயிலிருந்து காக்கும். மனிதனை அவை காக்கமாட்டா. பலரும் அறியாத செய்தி இதுவே. 10 வாட் எல்.இ.டி. விளக்குக்குச் சமமான மின்சக்தி 230 வோல்ட்டில் ஓடினால் அது ஏறக்குறைய 43 மில்லியாம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவு மின்சாரம் கையிலிருந்து மார்பின் வழியாகக் காலுக்குச் சில விநாடிகள் ஓடினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். 16 ஆம்பியர் ட்ரிப்பருக்கோ இது ஒரு பொருட்டே அன்று. ஒரு மனிதன் துடித்துக்கொண்டிருக்கும் வேளையிலும் அது அசையாமல் நிற்கும்.

ஆதலால் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, எர்த் எனப்படும் நில இணைப்பு. மற்றொன்று, கசிவைக் கண்டு மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று இச்சாதனம் இடைவிடாது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வேறு வழியே கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். வாங்கும்போது 30 மில்லியாம்பியர் என்ற எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 100, 300 என்று குறித்தவை தீயைத் தடுக்க உதவுமேயன்றி மனிதனைக் காக்கப் போதா. அதில் 'டி' என்று பொறித்த ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் சாதனம் விழ வேண்டும். விழாவிடில் மாற்ற வேண்டும். வெல்டிங் செட் போட்டால் அது அடிக்கடி விழுகிறதென்று சிலர் அதைத் தாண்டி நேராக இணைத்துவிடுகின்றனர். அது விழுவதற்கு இயந்திரத்திலோ ஒயரிலோ கசிவு இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதே வைத்தியம். இயந்திரத்தின் இயல்பினாலேயே விழுகிறதென்று தேர்ந்த மின்பணியாளர் சோதித்துச் சொன்னால், பட்டறைக்குப் பொருத்தமான வகையை அவரே தேர்ந்து தருவார்.

எர்த்தைப் பற்றி நமது மண்ணை வைத்தே பேச வேண்டும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரித்துண்டும் உப்பும் இட்டு, நீர் ஊற்ற மேலே ஒரு புனல் வைப்பது நெடுங்கால வழக்கம். களிமண் கலந்த கரிசலில் ஈரம் தங்குவதால் எர்த் நன்றாக அமையும். சுண்ணாம்புக்கற் பாறை மேலே எழும்பி நிற்கும் இடங்களிலும், முந்திரி வளரும் செம்மண் மேடுகளிலும் ஒரே குழாய் போதாமற் போகலாம். சில மீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது குழாயை இறக்கி இரண்டையும் இணைக்க வேண்டிவரும். பங்குனி தொடங்கி ஆடி வரை மண் வறண்டு கிடக்கும் காலத்தில் குழிக்கு நீர் ஊற்றுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கென்று உள்ள கருவியால் அளந்தே சொல்ல வேண்டும்.

குடிநீர்க் குழாயில் கம்பியைச் சுற்றி எர்த் என்று சொல்லுவது முற்காலத்தில் ஓரளவு பலித்தது. இப்போது குழாய்களெல்லாம் பிளாஸ்டிக். நியூட்ரல் கம்பியையே எர்த்தாகப் பயன்படுத்துவது இதனினும் கொடியது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்துபோனால், அதனோடு சேர்த்துக் கட்டிய ஒவ்வோர் இயந்திரத்தின் உடலும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் மாட்டுவோர் எர்த்தைத் தம் கையாலேயே அறுத்தவர் ஆகின்றனர்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைத் தரை ஈரமாகிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் பற்றவைக்கக் கூடாது. உலர்ந்த பலகை அல்லது ரப்பர் விரிப்பின் மேல் நின்று, கையுறையும் காலணியும் அணிந்தே வேலை செய்ய வேண்டும். தகரக் கூரை, துணி உலர்த்தும் கம்பி, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி ஆகிய மூன்றிலும் மின்கம்பி உரசிக்கொண்டிருக்கிறதா என்பதை மழைக்கு முன் பார்ப்பது நன்று. பட்டறையில் வேலை செய்பவர் மட்டுமன்றி, அவ்வழியே துணி உலர்த்தப்போகும் தாய்மாரும் ஸ்டே கம்பியருகே விளையாடும் குழந்தைகளும் இதில் பாதிக்கப்படுகின்றனர்.

எவ்வளவு, எந்த இணைப்பில்?

பளுவைக் கணக்கிட்டு, நான்கைந்து கிலோவாட்டைத் தாண்டுகிறதென்று கண்டால் ஒருமுனை மின்சாரத்தை விட்டு மும்முனை மின்சாரத்திற்குப் போவதே தக்கது. இதன் நன்மையை ஒரு கணக்கால் உணரலாம். மூன்று குதிரைத் திறன் மோட்டார் ஒருமுனையில் ஓடினால் ஏறக்குறைய 15 ஆம்பியர் ஒரே கம்பியில் ஓட வேண்டும். மும்முனையில் ஒவ்வொரு கம்பியிலும் ஐந்து ஆம்பியர் அளவே ஓடும். கம்பி குளிர்ந்திருக்கும், மோட்டாரும் அதிர்வின்றிக் கிளம்பும். ஆனால், மும்முனையில் இரண்டு புதிய ஜாக்கிரதைகள் சேர்கின்றன. ஒரு முனை அறுந்துபோனால் மோட்டார் மற்ற இரண்டில் முனகிக்கொண்டே ஓடிக் கருகிவிடும். இதைத் தடுக்கும் கருவியை ஸ்டார்ட்டருடன் சேர்த்து வைக்க வேண்டும். இரண்டு முனைகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். நீர் இறைக்கும் மோட்டாரில் இது நீர் குறையும் தொல்லை, ரம்பத்திலோ விரலுக்கே ஆபத்து. லைனில் வேலை நடந்த மறுநாள், மரத்தையோ இரும்பையோ வைக்குமுன் வெறுமனே ஓட்டித் திசையைப் பார்க்க வேண்டும். மும்முனை இல்லாத வேளையில் கண்டன்சர் வைத்து இரண்டு முனையில் மோட்டாரை ஓட்டும் சாமர்த்தியம் நமது விவசாயிகளிடையே பரவியுள்ளது. அதைப் பட்டறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துப் பம்பு செட்டிற்குத் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் மும்முனை மின்சாரத்தில் வெல்டிங் செட்டையோ மாவு இயந்திரத்தையோ மாட்டுவது சட்டப்படி குற்றமாகும். எக்காரியத்திற்காக இணைப்பு அளிக்கப்பட்டதோ அதை விடுத்து வேறு காரியத்திற்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். அதற்குரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். திருட்டு என்று கருதப்பட்டால் 135ஆம் பிரிவு வரும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி மோட்டார் அறையிலிருந்தோ தெருவிளக்குக் கம்பியிலிருந்தோ கொக்கி போடுவதும் அவ்வாறே. உறுப்பினர்கள் தெரிந்தவர் என்று கண்ணை மூடிக்கொள்வது அவருக்கு உதவி அன்று.

நேர்வழி கடினமானதன்று. வீட்டு இணைப்பை வீட்டிற்கே விட்டுவிட்டு, பட்டறைக்குத் தனி மீட்டருடன் தனி இணைப்புக் கோரலாம். 12 கிலோவாட்டுக்கு மேற்படாத மின்பளுவுள்ள குடிசைத் தொழில்களுக்கும் பொருள் உற்பத்தி செய்யும் குறுந்தொழில்களுக்கும் தாழ்வழுத்தக் கட்டணத்தில் 'மூன்று-ஏ-ஒன்று' என்னும் தனிப் பிரிவு உண்டு. கடைகளுக்குரிய வணிகக் கட்டணத்தைவிட இது குறைவு. பழுது பார்ப்பு மட்டும் செய்யும் பட்டறை எப்பிரிவில் அடங்கும் என்பதை விண்ணப்பிக்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்து உதவிப் பொறியாளரிடம் கேட்டு அறிவது நலம். குறுந்தொழில் என்பதற்குரிய உத்யம் பதிவு கட்டணமின்றிச் செய்துகொள்ளக் கூடியது. அச்சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே தொழில் இணைப்பு உள்ளவர் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்தால் போதும். கூடுதல் பளுவுக்கேற்ற வைப்புத் தொகையும் பிற கட்டணங்களும் செலுத்த நேரும். இந்தச் செலவையும் உள்ஒயரிங் செலவையும் கடன் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேட்கும்படி தொழில் முனைவோருக்கு நாம் கூறி வருகிறோம். 2025ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவற்றில் கடன் கேட்போர், இயந்திர விலையை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு கம்பிக்குப் பணமின்றிப் பழைய பிளக்கையே நாடுவது வருத்தத்திற்குரியது.

ஊராட்சி கவனிக்க வேண்டியது

ஒரு பட்டறையின் பளு அந்த வீட்டோடு நிற்பதில்லை. ஊர்ப்புறங்களில் காணப்படும் 63 கே.வி.ஏ. மின்மாற்றி ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 84 ஆம்பியர் மட்டுமே தர வல்லது. ஒரே தெருவில் மூன்று வெல்டிங் பட்டறைகள் ஒரே முனையில் தொங்கினால் 60 ஆம்பியர் அவற்றிற்கே போய்விடும். எஞ்சிய 24 ஆம்பியரில் அம்முனையைச் சார்ந்த வீடுகளெல்லாம் சோறு சமைக்க, குழந்தைகள் பாடம் படிக்க வேண்டும். விளக்கு துடிப்பதும் மின்விசிறி தளர்வதும் அண்டை வீட்டாருக்குள் பூசல் மூள்வதும் இதனால்தான். அனுமதி பெறாமல் ஏற்றிய பளு மின்வாரியத்தின் கணக்கில் இராது. கணக்கில் இல்லாத பளுவுக்காகப் புதிய மின்மாற்றி கேட்டால் எவ்வாறு கிடைக்கும்? தெருவிலுள்ள பட்டறைக்காரர் அனைவரும் தத்தம் பளுவை முறையாகப் பதிந்துகொண்டால், பளுவை மூன்று முனைகளுக்கும் பிரித்தமைக்கவும், தேவையாயின் மின்மாற்றியின் திறனை உயர்த்தவும் காகிதத்தில் காரணம் பிறக்கும். கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானமாக அனுப்புவது ஊராட்சி மன்றத்தார் எளிதிற் செய்யக்கூடிய உதவி. பட்டறை இயந்திரம் நிறுவுவதற்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி உள்ளாட்சியின் அனுமதி தேவைப்படும் இடங்களில், அனுமதி வழங்கும்போதே மின்பளுவையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

மின்தடை வேளைக்கென ஜெனரேட்டர் வாங்கும் பட்டறைகளைப் பற்றியும் கூற வேண்டும். ஜெனரேட்டரின் ஒயரில் இருபுறமும் பிளக் வைத்து, வீட்டுச் சுவரிலுள்ள துளையில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் ஏற்றும் வழக்கம் ஆங்காங்கே உள்ளது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டால் அந்த மின்சாரம் மீட்டர் வழியே கம்பத்திற்கு ஏறும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, பின்புறமாக வரும் மின்சாரத்தை மீண்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் நிறுத்தப்பட்டது என்று நம்பிக் கம்பத்தின் மேல் ஏறி வேலை செய்துகொண்டிருப்பவர் நமது ஊருக்கு மின்சாரம் தரவே ஏறியவர். வாரிய மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒருபோதும் சந்திக்க முடியாதபடி செய்யும் மாற்றுச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தாமல் ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கவே கூடாது.

ஒயரிங் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்பார்கள். மின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, அவர் தரும் சோதனை அறிக்கையை விண்ணப்பத்துடன் சேர்ப்பதே முறை. ஊரிலுள்ள அனுபவசாலிகளான மின்பணியாளர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதிச் சான்று பெற்றுக்கொள்ள ஊராட்சி ஊக்குவித்தால், ஒவ்வொரு சிறு வேலைக்கும் நகரத்திலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியிராது. கம்பி அறுந்து கிடத்தல், கம்பத்தில் தீப்பொறி பறத்தல் போன்றவற்றைக் கண்டால் அருகில் எவரையும் போகவிடாமல் காவல் நிறுத்தி, மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும்; இம்மையம் 2021ஆம் ஆண்டு முதல் இரவு பகலாக இயங்குகிறது. மின்சாரம் தாக்கியவரைக் கையால் தொட்டு இழுக்காமல் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது எட்டாத் தொலைவில் இருந்தால், உலர்ந்த மூங்கிலாலோ மரக்கட்டையாலோ ஒயரை விலக்கலாம். இம்முறை வீட்டு ஒயருக்கு மட்டுமே உரியது, கம்பத்துக் கம்பிக்கு ஆகாது. மூச்சு நின்றிருந்தால் மார்பின் நடுவே அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை உடனே தொடங்கி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். அம்முதலுதவியை ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கொண்டு பட்டறை இளைஞர்களுக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும் ஒருநாள் பயிற்சியாகக் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டோமே என்று அன்றே புதிய இயந்திரத்தை மாட்டிவிடலாகாது. புதிய மீட்டர் வைத்து, கம்பி மாற்றி, எர்த்தை அளந்து முடிக்கும் வரை பட்டறை பழைய பளுவிலேயே நடக்கட்டும். வாங்கி வந்த இயந்திரம் அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.